கரிசலின் 9.78

நாங்கள் பிளஸ் டூ படித்த 1980களில் இயற்பியலுக்கு 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 150, பிராக்டிகலுக்கு 50. அந்த 50-ஐ யாரும் கைவிட மாட்டார்கள். தனி ஊசலைத் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்து, புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது ஜி-யை, கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 என்பது நூலைக் கட்டும் முன்பே வகுப்புக்குத் தெரியும். அதனால் விடையை வைத்துக்கொண்டு பின்பக்கமாகக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை நிரப்பும் வித்தை, அண்ணன்மாரிடமிருந்து தம்பிமாருக்குக் கைமாறி வந்தது. ரெக்கார்டு நோட்டு முழுக்க 9.80, 9.81. கண்ணால் பார்த்ததை எழுதி 9.71 கொண்டுபோனவனிடம், "திரும்பச் செய்" என்றார்கள்.

எங்கள் கோவில்பட்டிக்கு 9.81 சொந்தமே இல்லை. பூமி சுழல்வதாலும் இடுப்பில் கொஞ்சம் பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த எண் குறையும். துருவத்தில் 9.83, நடுக்கோட்டில் 9.78. நம் ஊர் 9 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே அது 9.78தான். 9.81 லண்டன், பாரிஸ் பக்கத்து எண்.

ஒரு மீட்டர் ஊசல் 20 முறை ஆட 40 வினாடிக்குச் சற்று மேல் ஆகும். 9.78-க்கும் 9.81-க்கும் அந்த நேரத்தில் வரும் வேறுபாடு 0.06 வினாடி. பட்டனை அழுத்தும் கட்டைவிரலின் தாமதமே 0.2 வினாடி இருக்கும். அது விடையில் 0.1 வரை தள்ளிவிடும். ஆக 9.7 எழுதியவனும் 9.9 எழுதியவளும் ஒழுங்காகச் செய்தவர்களாக இருக்கலாம். வகுப்பு மொத்தமும் 9.81-இல் வந்து நின்றால்தான் வாத்தியார் கவலைப்பட வேண்டும். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. பதினாறு வயதில் ஒரு பிள்ளை தன் கண்ணை நம்பலாமா கூடாதா என்பது அந்த மேசையில்தான் முடிவாகிறது.

ஒத்ததிர்வுத் தம்பம் இன்னும் அழகான சோதனை. இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, குழாயின் வாயருகே பிடித்து, தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். ஓரிடத்தில் குழாய் தானே முழங்கும். இன்னும் கீழே இன்னொரு முழக்கம். இரண்டுக்கும் இடையே உள்ள நீளம் அரை அலைநீளம். 512 அதிர்வெண் கவைக்கு, 25 டிகிரி மார்கழிக் காலையில் அது 33.8 சென்டிமீட்டர். 37 டிகிரி சித்திரை மதியத்தில் 34.5. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரண ஸ்கேலிலேயே தெரியும். வெயில் ஏற ஏற ஒலி வேகமாகப் போகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர் இது. வெயிலில் நாதஸ்வரத்தின் சுருதி ஏறுவது மேளக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் ரெக்கார்டில் மட்டும் எந்த மாதமானாலும் ஒரே எண்.

கரிசல் மண்ணும் ஒரு பாடம். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் கட்டிய தரையும் கூடவே அசையும். ஆய்வகக் கருவிகளின் சமன் திருகு எங்களுக்கு வெறும் படத்துப் பாகமாக இருக்கவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் சி.வி. ராமன், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பட்டகக் கோண அளவீட்டில், ஒளிப்பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். பார்த்ததைத் திருத்தாமல் துருவிப் போனார். 1906-இல் பிலசாஃபிகல் மேகசினில் கட்டுரையாக வந்தபோது அவருக்கு 18 வயது.

இன்று நிலைமை தலைகீழ். 2024-லிருந்து நீட் பாடத்திட்டத்தில் செய்முறைத் திறன்கள் என்றே 20ஆவது அலகு இருக்கிறது. வெர்னியர், திருகு அளவி, தனி ஊசல், ஒத்ததிர்வுக் குழாய் எல்லாம் அதில் உண்டு. நான்கு விடையில் ஒன்றைக் கருப்பாக்க வேண்டும். அண்ணன் மகள் சுழிப்பிழைக் கணக்கைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிடுகிறாள். ஜி-க்குப் பதில் 10 போட்டால் சுலபம் என்று கோச்சிங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் போனில் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை ஏற்றிக் கொடுத்தேன். ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தார் செய்தது, இலவசம். போனையே துணிப்பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு ஆட்டினால், உள்ளே இருக்கும் உணரி அலைவு நேரத்தைச் சொல்லும். நீளத்தைக் கொடுத்தால் ஜி-யையும் சொல்லும். 9.7 சொச்சம் காட்டியது.

"சித்தப்பா, இது தப்பாக் காட்டுதே?"

தப்பில்லை, நம்ம ஊர் எண்ணே 9.78 என்றேன். நம்பவில்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். நூலும் குண்டும் ஸ்டாப் வாட்சுமாக நாங்களே அளந்து பார்க்கக் கிளம்பினோம். 20-க்குப் பதில் 100 அலைவு எண்ணினால் கட்டைவிரல் தாமதத்தின் பாதிப்பு ஐந்தில் ஒன்றாகிவிடும் என்று கணக்குப் போட்டு அவளே சொன்னாள். காற்று படாமல் ஜன்னலைச் சாத்தினோம். நூல் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். அதற்குக் குண்டின் விட்டம் வேண்டும். விட்டத்துக்கு வெர்னியர் வேண்டும். நூற்றுக்கணக்கான வெர்னியர் கணக்கு போட்டவள் அதைக் கையில் பிடித்ததே இல்லை.

தெருமுனை லேத் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வெர்னியரை எடுத்தார். "அழுத்திப் பிடிக்காதம்மா, தொட்டா போதும். மூணு பக்கம் திருப்பித் திருப்பி அளந்துக்கோ, எந்தக் குண்டும் முழு உருண்டையா இருக்காது" என்றார்.