ஆட்டோக் கட்டணத்தில் சாய்வும் வெட்டுத்துண்டும்: ஒரு விசாரணை

நேர்கோட்டுச் சமன்பாட்டின் சாய்வையும் ஒய்-வெட்டுத்துண்டையும் காண்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சையின் பொருட்டு அனுபவிக்கும் உபாதை என்ற அபிப்பிராயம் கற்றோரிடத்தும் நிலவுகிறது. சென்னையில் ஆட்டோ ரிக்ஷாவை வழிமறிக்கும் ஒருவனுக்கு இவ்விரண்டும் தெரியாமல் பேரம் பேசும் யோக்கியதை கிடையாது என்பதே நம் சித்தாந்தம்.

பிரமாணம் வருமாறு: 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு விதித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அப்பால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இதன்படி 5 கிலோமீட்டருக்கு 63.40 ரூபாயும் 10 கிலோமீட்டருக்கு 123.40 ரூபாயும் ஆகின்றன. கட்டண வித்தியாசமாகிய 60ஐத் தூர வித்தியாசமாகிய 5ஆல் வகுக்கக் கிடைக்கும் 12 சாய்வு, 63.40இலிருந்து ஐந்து பன்னிரண்டு அறுபதைக் கழிக்க எஞ்சும் 3.40 வெட்டுத்துண்டு. ஆகவே, கட்டணம் = 12 × தூரம் + 3.40.

மூன்று ரூபாய் நாற்பது காசை எந்த ஓட்டுநரும் வாங்கியதில்லையே, இல்லாத வஸ்துவை எங்ஙனம் ஒப்புவது என்று பூர்வபட்சிகள் ஆட்சேபிப்பர். தூரம் பூஜ்யமாகுமிடத்தில், அதாவது ஏறாமலே இறங்கிவிட்டவனுக்கு உரிய தொகை அது, ஆயினும் 1.8 கிலோமீட்டருக்கு உட்பட்ட ராஜ்யத்தை 25 ரூபாயில் படுத்திருக்கும் சாய்வற்ற வேறொரு கோடு ஆள்வதால், நம் கோட்டைப் பின்னோக்கி நீட்டினாலன்றி அத்தொகை தரிசனம் தராது என்க.

இனி, ஓட்டுநர்களுள் மூன்று மதங்கள் உண்டு. "மீட்டருக்கு மேலே இருபது போட்டுக் கொடுங்க" என்போர் சாய்வைத் தொடாமல் வெட்டுத்துண்டை மட்டும் 23.40 ஆக்கி, பழைய கோட்டுக்கு இணையாக ஒன்றை வரைகிறார்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சட்டமே அனுமதிக்கும் ஒன்றரை மடங்கைப் பட்டப்பகலிலும் கேட்போர், சாய்வை 18 ஆகவும் வெட்டுத்துண்டை 5.10 ஆகவும் உயர்த்துகிறார்கள். இவ்விரு கோடுகளும் 3.05 கிலோமீட்டரில், காசு பிசகாமல் 60 ரூபாயில் வெட்டிக்கொள்கின்றன. ஆதலால் அதற்குக் குறைந்த பிரயாணத்துக்கு ஒன்றரை மடங்கும், மிகுந்ததற்கு மேலே இருபதும் உசிதம் என்று துணியலாம்.

மூன்றாமவர் மீட்டரையே போடாமல் "நூத்தம்பது குடுங்க சார்" என்பவர். இவர் கோட்டுக்குச் சாய்வு பூஜ்யம், முழுவதும் வெட்டுத்துண்டே. ஏறக்குறைய 12.2 கிலோமீட்டரைத் தாண்டினால் அரசாங்கக் கட்டணமே 150ஐ மிஞ்சுமாதலால், அவ்வளவு தொலைவு செல்வோன் இவ்விலைக்கு உடனே இசைவதே விவேகம் என்று கணிதம் விதிக்கிறது. ஆனால் இறங்க வேண்டிய இடம் தாம்பரம் என்று வாய் திறந்த மாத்திரத்தில் நூற்றைம்பது முந்நூறாகிவிடுவதால், சாய்வு பூஜ்யமாயிருப்பது ஓட்டுநரின் வாய்ச்சொல்லில்தானேயன்றி மனத்தில் அன்று என்பது பெறப்படும்.