அமாவாசையும் வருகைப் பதிவேடும்

கேள்வி: அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம் நடப்பதால், மறுநாள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைகிறார்களா? இதுதான் என் எம்.எட். ஆய்வு. மாறிகள் என்றாலே தலை சுற்றுகிறது. எப்படித் திட்டமிடுவது?
– ஆய்வு மாணவி, மேல்மலையனூர்

பதில்: கேள்வியிலேயே பாதி ஆய்வு முடிந்துவிட்டதே! அமாவாசை சாரா மாறி; வருகை சார்ந்த மாறி. ஆய்வைப் பிடித்து ஆட்டுவது மூன்றாவது ஆளான குழப்பும் மாறி. மறுநாள் திங்கட்கிழமையாக இருக்கலாம், மழை பெய்யலாம், அறுவடை நடக்கலாம். பழி மட்டும் அம்மன்மேல் விழும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பது எப்படி? 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் பாருங்கள். வீட்டுச் சிகிச்சையா, சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையா என்பதே கேள்வி. யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையில் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேல். ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது.

அமாவாசையைக் குலுக்கிப் போட முடியாது. ஆகவே அதே கிழமை வரும் சாதாரண நாட்களோடு ஒப்பிடுங்கள். உற்சவம் நடக்கும் ஊருக்கு வெளியே, செஞ்சிப் பள்ளி ஒன்றையும் ஒப்பீட்டுக்குச் சேருங்கள். பௌர்ணமியை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அன்று பாதி ஊர் திருவண்ணாமலை கிரிவலத்தில் இருக்கும்! பதிவேட்டைத் தொடுமுன் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டாம்.