மன்னிப்பு இல்லாத அப்பாலஜி

கேள்வி: 'அப்பாலஜெட்டிக்' என்ற ஆங்கிலப் பெயரடைக்கு 'தற்காத்துப் பேசுகிற' என்று அகராதியில் போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை. அதுதான் மூத்த பொருள். 'மன்னிப்புக் கோருகிற' என்பது பின்னால் வந்து சேர்ந்தது.

கேள்வி: அந்தச் சொல் எங்கே பிறந்தது?

பதில்: கிரேக்க நீதிமன்றத்தில். ஏதென்ஸில் குற்றம் சாட்டப்பட்டவர் தாமே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சின் பெயர் 'அப்பொலொகியா'. சாட்டிய பழியைப் பேசியே விலக்குவது. கி.மு. 399-ல் சாக்ரடீஸ் பேசியதைப் பிளேட்டோ அந்தப் பெயரிலேயே எழுதிவைத்தார். அதில் மன்னிப்பின் சாயல்கூடக் கிடையாது. குற்றவாளி என்று முடிவான பிறகு, 'உமக்கு என்ன தண்டனை தகும்?' என்று கேட்டால், ஒலிம்பிக் வீரர்களுக்குப் போடுவதுபோல நகரத்தின் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்கிறார்! கிடைத்தது நஞ்சுக் கோப்பை. ஆனால் அன்று அவர் கெஞ்சியிருந்தால் அந்தப் பேச்சு இத்தனை நூற்றாண்டு நின்றிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அது எப்படி 'ஸாரி'யாகத் தேய்ந்தது?

பதில்: 'நான் செய்தது சரி' என்று தொடங்குகிறவர் 'வேறு வழியில்லை' என்று இறங்கி, 'மன்னிச்சிடுங்க' என்று முடிப்பதை அன்றாடம் பார்க்கிறோமே, சொல்லும் அதே வழியில்தான் இறங்கியது. 1755-ல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில், அப்பாலஜி என்பது பெரும்பாலும் நிரபராதி என்று நிறுவுவதல்ல, குற்றத்தைக் குறைத்துக் காட்டுவதே என்று எழுதிவிட்டார். பெயரடைக்கு மட்டும் பழைய பொருளையே கொடுத்தார்.

கேள்வி: இன்று எங்கே எந்தப் பொருள்?

பதில்: முகம், குரல், புன்னகையோடு வந்தால் மன்னிப்பு. சமயம், கொள்கை, நூலோடு வந்தால் தற்காப்பு. 'அப்பாலஜிஸ்ட்' எப்போதும் வக்காலத்து வாங்குகிறவர்தான்.

கேள்வி: ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, கணிதத்துக்காக ஏன் மன்னிப்புக் கேட்டார்?

பதில்: கேட்கவே இல்லை. 1940-ல் வெளிவந்த அவருடைய 'எ மேத்தமெட்டீஷியன்ஸ் அப்பாலஜி', தூய கணிதத்துக்கு ஆயுளைக் கொடுத்தது சரிதான் என்று வாதாடும் நூல். மனம் சோர்ந்த நேரங்களில், சக கணிதர் லிட்டில்வுட்டோடும் ராமானுஜனோடும் ஏறக்குறையச் சமமாக நின்று வேலை செய்தவன் நான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதாக அதில் எழுதுகிறார். மன்னிப்புக் கேட்கிறவர் பேச்சா இது? அந்தத் தலைப்பைத் தமிழில் எழுத நேர்ந்தால் 'மன்னிப்பு' என்று போட்டுவிடாதீர்கள். 'ஒரு கணிதரின் தன்னிலை விளக்கம்' என்று எழுதுங்கள்.