அமைச்சருக்குள்ள சலுகையைக் காவலருக்கும் அருள வேண்டி

பெறுநர்: தலைவர், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம், சென்னை.

ஐயா,

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தாங்கள் ஆளெடுக்கும் கண்டிப்பைக் காவிரிப் படுகை வெகுவாக மெச்சுகிறது. உயரம் பார்க்கிறீர்கள், மார்பை அளக்கிறீர்கள், கயிறு ஏறச் சொல்கிறீர்கள். எல்லாவற்றிலும் தேறியவனைப் பற்றி உள்ளூர்க் காவல் நிலையத்தில் விசாரிக்கிறீர்கள். எங்கள் பையன்கள் விழுவது அங்கேதான். விண்ணப்பதாரர் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது காவல் சார்நிலைப் பணி விதி 14(பி). தண்டனை பெற்றவனை மட்டும் அது தள்ளவில்லை. நீதிமன்றம் விட்டுவிட்டவனும், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ தப்பியிருந்தால், சம்பந்தப்பட்டவனே. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதியை ஏற்றது. நீதிமன்றத்தில் பாக்கி இருக்கும் ஒரே வழி ‘கௌரவமான விடுதலை’. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு அப்படியொரு விடுதலையே தெரியாது என்று 2012-இல் சமுத்திரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தில் இல்லாத சரக்கைக் கொண்டுவந்தால் வேலை உறுதி. அதுவும் அடுத்த தேர்வில்தான், வயது வரம்பு தாண்டாமல் இருந்தால்.

டெல்டாவில் ஒருவன் மேல் வழக்கு எப்படி விழுகிறது என்பது சென்னையிலிருந்து பார்த்தால் தெரியாமல் இருக்கலாம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவில்லையென்றால் மறியல். கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைவிட்டால் மறியல். பயிர்க் காப்பீடு வரவில்லையென்றால் மறியல். காவிரித் தீர்ப்பைச் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆறு வாரக் கெடு 2018 மார்ச் 29-இல் முடிந்தபோது மாநிலமே தெருவுக்கு வந்தது. ஆளுங்கட்சி உண்ணாவிரதம் இருந்தது, எதிர்க்கட்சி முக்கொம்பிலிருந்து நடைப்பயணம் கிளம்பியது. தலைவர்களுக்கு அது தேர்தல் துண்டறிக்கையில் ஒரு பெருமை. கூட்டத்தில் பின்னால் நின்ற பத்தொன்பது வயதுக்காரன் மேல் அன்று அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 341 விழுந்தால், அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, 500 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். வாய்தாவுக்கு அலைவானேன், ஒப்புக்கொண்டு கட்டிவிடு என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். கட்டுவான். நீதிமன்றம் ஒருமுறை வாங்கியதோடு விட்டுவிடும்; மிச்சத்தை ஆயுள் முழுக்கத் தாங்கள் வசூலிக்கிறீர்கள். கதிராமங்கலத்தில் 2017-இல் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள். புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கத் துரப்பணம் கூடாது என்று 2020-இல் அரசே வேளாண் மண்டலச் சட்டம் போட்டது. சிறைக்குப் போனது மூன்றாண்டு முந்திச் சொன்ன குற்றத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

அரசுதான் 2021-இல் 5,570 போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற்றுவிட்டதே என்று தாங்கள் கேட்கலாம். நன்றி. வழக்கு நிலுவையில் இருந்தபோது தாண்டிப்போன வயதையும் சேர்த்துத் திரும்பப் பெற்றிருந்தால் நன்றி இரட்டிப்பாகும். லத்தியைக் கையில் கொடுக்கப்போகிறவனை அலசிப் பார்க்க வேண்டாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. கட்டாயம் பார்க்க வேண்டும். பெண்ணைத் துன்புறுத்தியவனும் சேரியில் தீ வைத்தவனும் சாட்சியை மிரட்டித் தப்பிவந்தால், அவன் காக்கியைத் தொடவே கூடாது. விதியின் நியாயம் அங்கே இருக்கிறது. மறியல் வழக்கின் கதை வேறு. அதில் பெரும்பாலும் புகார் கொடுப்பவர் கிராம நிர்வாக அலுவலர் அல்லது உதவி ஆய்வாளர், சாட்சி காவலர். காவல் துறை தன் சாட்சியை வைத்தே நிரூபிக்க முடியாமல் போன வழக்குக்கு, எதிரே நின்ற பையன் ஏன் தன் வேலையை அபராதமாகக் கட்ட வேண்டும்? இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை, தண்டனையே ஆகி அதை மறைத்திருந்தாலும்கூட, வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. விதி தளர்வது புதிதும் அல்ல. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனாலும் 2022 குறுவை மழையில் நனைந்தபோது மத்திய அரசு 19 வரை தளர்த்தியது. நனைந்தது நெல்லின் குற்றமல்ல என்று டெல்லிக்கே புரிந்திருக்கிறது.

இனி, அந்தக் காவலருக்கு உத்தரவிடுகிறவரின் தகுதிக்கு வருவோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 8(3)-இன்படி, பொதுவான குற்றங்களில் இரண்டாண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவர் சட்டமன்றத்தில் தாராளமாக உட்காரலாம். வழக்கு நடந்துகொண்டிருப்பது ஒரு தடையே அல்ல. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்த அமைச்சர் க. பொன்முடி, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் 2024 மார்ச் 22-இல் மறுபடி அமைச்சரானார். மேல்முறையீடு முடியும்வரை ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்பது நல்ல கொள்கை. அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதே கொள்கை மன்னார்குடிப் பக்கத்துப் பையனுக்கும் நீளட்டும் என்பதே விண்ணப்பம். மறியல் போன்ற வழக்குகளில் தண்டனை ஆனதா, எந்தக் குற்றம், எத்தனை ஆண்டு என்று மட்டும் பார்க்கும்படி விதியைத் திருத்த உள்துறைக்குப் பரிந்துரையுங்கள்.

விதியைத் திருத்தத் தோதில்லை என்றால், அடுத்த அறிவிக்கையோடு அமைச்சர் பதவிக்கும் ஒரு விண்ணப்பப் படிவத்தை இணைத்து அனுப்புங்கள். அதற்கு வேண்டிய தகுதி எங்கள் பையன்களிடம் இப்போதே இருக்கிறது; 25 வயது ஆகாதவர்கள் மட்டும் கொஞ்சம் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
டெல்டாக்காரன் ஒருவன்