அரசு லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி?

கேள்வி: பிளஸ் டூவில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு வத்திராயிருப்புக்கே போய் வந்துவிடலாம். எஸ்எஸ்டி போடலாம் என்கிறார்கள். ஸாட்டாவா, என்விஎம்இ-யா?
– வாசகர், சுந்தரபாண்டியம்

பதில்: உங்கள் லேப்டாப்பே முடிவு செய்துவிட்டது! 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் இருப்பது 2.5 அங்குல ஸாட்டா ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றினால் அதே இடத்தில், அதே திருகுகளில் ஸாட்டா எஸ்எஸ்டி உட்காரும். என்விஎம்இ விநாடிக்கு 3,500, 7,000 எம்பி என்று ஓடும்தான். அதைச் செருக இடம் வேண்டுமே! ஸாட்டாவின் 550 எம்பியே உங்களுக்குத் தாராளம். ஹார்டு டிஸ்க்கில் முள் நகர்ந்து ஒவ்வொரு ஃபைலையும் தேட 10 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிறது, தாமதமே அங்கேதான். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை.

வாங்கும்போது டிபிடபிள்யூ, அதாவது எவ்வளவு எழுதலாம் என்ற கணக்கைப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300 டிபி. தினம் 20 ஜிபி எழுதினாலும் 41 வருஷம். பேரன் பிளஸ் டூ முடித்துவிடுவான்! வாரண்டி 5 வருஷம்தான், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஊர் பேர் தெரியாத கம்பெனி பாதி விலைக்கு 4 டிபி தருகிறேன் என்றால் தொடாதீர்கள். கழற்றுமுன் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.