நாவல் ‘போய்க்கொண்டிருத்தல்’: ஓர் அளவையியல் ஆய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், எழுதப்பட்டு வருவதாகச் சொல்லப்படும் ஒரு நாவல் உண்மையில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே கண்டறியும் முறையை உணர்த்துதல் நுதலிற்று. இதனால் பயன்கொள்வோர் பதிப்பாளர், எழுத்தாளரின் குடும்பத்தார், அவருக்குக் கடன் கொடுத்தோர் ஆகிய முத்திறத்தார்.

“நாவல் எப்படிப் போகுது?” என்ற வினாவுக்குத் தமிழில் மூன்று விடைகளே வழக்கில் உள்ளன. “போயிட்டிருக்கு” என்றால் தொடங்கப்பட்டிருக்கிறது. “பாதி தாண்டியாச்சு” என்றால் முதல் அத்தியாயம் பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. “மொத்தமும் மனசுல இருக்கு, எழுத வேண்டியதுதான் பாக்கி” என்பது மூன்றாவது. இதைச் சொல்பவரின் கணினியில் தலைப்பு மட்டும் இருக்கும். அதுவும் மாறும்.

இந்நிலையை ஒரு நூற்பாவில் அடக்கலாம்:

எழுதாப் பொழுதும் எழுத்தெனப் படுமே
எழுதுநர் தாமே கணக்கெழு தின்.

‘பொழுதும்’ என்ற எச்ச உம்மையால், எழுதிய பொழுதும் சிறிதளவு உண்டு என்பது பெறப்பட்டது. ‘தாமே’ என்ற பிரிநிலை ஏகாரத்தால், வேறொருவர் கணக்கெழுதின் இவ்விதி செல்லாது என்க. இந்த ஏகாரமே நம் ஆய்வின் அச்சாணி. அதனிடம் பிறகு வருவோம்.

எழுதாப் பொழுதில் தலையாயது ஆராய்ச்சி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒருவன் கொள்ளிடத்தைப் படகில் கடக்கிறான் என்று ஒரு வரி எழுத வேண்டும். படகு இலுப்பையில் செய்ததா, நாவல் மரத்தில் செய்ததா? துடுப்பா, கோலா? படகோட்டிக்குக் கூலி நெல்லா, காசா? தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் அலமாரியிலிருந்து இறங்குகின்றன. அவற்றில் தேடிய படகு இல்லை, ஆடுகள் இருக்கின்றன. ஒரு நந்தா விளக்கு எரிவதற்குக் கோயிலுக்கு 90 ஆடோ 96 ஆடோ விட்டார்கள், அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இவ்வளவு அழகான பெயருள்ள ஆட்டை நாவலில் விடாமல் இருக்க முடியுமா? ஆடு வந்தால் இடையன் வர வேண்டும். இடையனுக்கு ஒரு தங்கை. தங்கைக்கு ஒரு சோகம். மாலைக்குள் ஒரு கிளைக்கதை மனத்தில் முழுதாகக் கூடிவிடுகிறது. படகு இன்னும் வடகரையிலேயே நிற்கிறது.

எழுத்துரு மாற்றுதல், அட்டைக்கு ஓவியரிடம் பேசுதல், சமர்ப்பணம் எழுதுதல் முதலியன இதன் கிளைகள். விரிப்பின் பெருகும்.

இனி அலகு. அமெரிக்காவில் 1999இல் கிறிஸ் பாட்டி தொடங்கிய நவம்பர் மாத நாவல் இயக்கம் 30 நாளில் 50,000 சொல் என்று இலக்கு வைத்தது, நாளொன்றுக்கு 1,667. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் சொல்லை எண்ணுவது எளிதன்று. கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. ‘எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்’ என்றால் அதற்கு ஒரு சொல். ‘எழுதிக் கொண்டு இருந்து இருக்கிறான்’ என்றால் நான்கு. இரண்டிலும் அவன் செய்த வேலை ஒன்றே. சேர்த்து எழுதுபவர் சோம்பேறி, பிரித்து எழுதுபவர் உழைப்பாளி என்று தீர்ப்புச் சொல்லும் அளவுகோலைப் புணர்ச்சி இலக்கணம் கண்ட சமூகம் ஏற்பதற்கில்லை.

பக்கக் கணக்கும் நம்பத்தக்கதன்று. “ம்.” “என்ன ம்?” “ஒண்ணுமில்லை.” என்று மூன்று வரி ஓடிவிடும். காதலர்கள் பேசாதிருந்தால் பக்கம் இன்னும் விரைவாக நிறையும்.

கடிகாரத்தை வைத்து அளந்தவர் ஆந்தனி ட்ரோலப். இங்கிலாந்துக்காரர், தபால் துறையில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்தவர், மொத்தம் 47 நாவல்கள் எழுதியவர். காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பலர் முகம் சுளித்தார்கள். ட்ரோலப்பைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் கடிகாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதே நூலில் ஒரு பணியாள் வருகிறார். விடியலில் தம்மை எழுப்பிக் காபி கொண்டுவருவதற்காக ட்ரோலப் அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட இவருக்கே கடன்பட்டிருக்கக்கூடும் என்றும் எழுதினார். கடிகாரத்தை யாரும் திருப்பி வைத்துவிடலாம். காபியோடு நிற்கும் ஆளைத் திருப்பி வைக்க முடியாது.

‘தாமே’ என்ற ஏகாரம் சுட்டிய அந்த வேறொருவர் இவரே. இங்கிருந்து பெறப்படுவதே வாசற்படி ஆள் கோட்பாடு: நாவலின் வேகம் எழுத்தாளரின் குணமன்று, அவர் வாசலில் நிற்கும் ஆளின் குணம்.

சான்று ரஷ்யாவில். 1866 நவம்பர் 1க்குள் ஒரு நாவல் தராவிட்டால் தஸ்தயேவ்ஸ்கியின் நூல்களை ஒன்பது ஆண்டுகள் காசு கொடுக்காமல் பதிப்பிக்கும் உரிமை ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளருக்குப் போய்விடும். அக்டோபர் தொடக்கத்தில் கையில் நாவல் இல்லை. அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்தாளர் வந்தார். ‘சூதாடி’ 26 நாளில் முடிந்தது. இந்த வாசலில் இரண்டு ஆள்: ஒருவர் வராமலிருக்க மாட்டாரா என்று ஏங்க வைத்தவர், மற்றவர் நாளையும் வருவாரா என்று ஏங்க வைத்தவர். அடுத்த ஆண்டு அன்னாவைத் தஸ்தயேவ்ஸ்கி மணந்துகொண்டார்.

தமிழில் இந்த ஆளாக நெடுங்காலம் நின்றது வார இதழ். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. கல்கி தாமே இதழாசிரியராகவும் இருந்ததால் தவணை சொல்லித் தப்பிக்கவும் ஆளில்லை. ராஜேஷ்குமாரின் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களுக்குப் பின்னால் மாத நாவல் இதழ்களின் தேதிகள் நிற்கின்றன. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 வரை, தொகுதிகளுக்கிடையே சிறிது இளைப்பாறி, நாளொரு அத்தியாயமாக வெளியிட்டு 26 தொகுதிகளில் ‘வெண்முர’சை முடித்தார். அங்கே காலையில் எழுந்து படிக்கக் காத்திருந்த வாசகர்களே ஸ்தெல்லோவ்ஸ்கி.

அற்றேல், சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்கள் 1966, 1981, 1998 என்று வந்தனவே, அவர் வாசலில் ஆளே இல்லையா எனின், உண்டு. அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். உள்ளே இருப்பவர் பக்கத்தைக் கேட்பதில்லை, திருப்பிக் கொடுக்கிறார். ‘மதாம் பொவாரி’க்கு ஐந்தாண்டு எடுத்துக்கொண்ட ஃப்ளோபேரும் இவ்வகை. இவர்களைப் புறனடையில் அடக்குக. ஆனால் புறனடைக்குள் புகுந்து ஒளிய இன்று பெருங்கூட்டம் அலைகிறது. ஒன்றும் எழுதாத ஒவ்வொருவரும் தம்மை ஃப்ளோபேர் என்கிறார். ஃப்ளோபேர் எழுதி அடித்துத் திருத்திய தாள்கள் ருவான் நூலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவர்களிடம் அடிப்பதற்கு ஒரு வரி வேண்டுமே!

இன்று தொடர்கதைப் பக்கங்கள் சுருங்கிவிட்டன. மிஞ்சியிருக்கும் ஒரே வாசற்படி ஆள் ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சி. நவம்பரில் பதிப்பாளர் அழைப்பார். டிசம்பரில் தமிழ் நாவல்கள் பாய்ந்து முன்னேறும். அதனால்தான் பல நாவல்களில் முதல் நூறு பக்கத்தில் ஒரே ஒரு பகல் கழிய, கடைசிப் பத்துப் பக்கத்தில் இரண்டு தலைமுறை செத்துப்போகிறது. வேண்டும்போது வேண்டிய படி மட்டும் அச்சிடும் வசதி வந்தபின் இந்த ஆளும் கொஞ்சம் தளர்ந்துவிட்டார். “கண்காட்சி முடியறதுக்குள்ள குடுத்தா போதும் சார்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். இது நாவலுக்கு நல்லதல்ல.

எனவே எழுத்தாளரை வீட்டில் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். “நாவல் எப்படிப் போகுது?” என்று இனிக் கேட்காதீர்கள். தினமும் மாலை ஆறு மணிக்குக் கையை நீட்டி, “இன்னைக்கு எழுதினதைக் குடுங்க” என்று மட்டும் கேளுங்கள். வாங்கியதை அங்கேயே படித்துவிடாதீர்கள்; படித்தால் கருத்துக் கேட்பார், மறுநாள் அதிலேயே போய்விடும். அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சமர்ப்பணப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.