தாயும் பிள்ளையும் ஆனாலும்...

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டார்களாமே... அப்படி என்னதான் எழுதினார்கள்? (தேனி வாசகர்)

பதில்: சம்பந்தி வீட்டார் எழுதிக்கொள்வதைத்தான்! மேலே நலம் விசாரிப்பு, நடுவில் ‘கொஞ்சம் கொடுத்து உதவினால்...’, கடைசியில் லேசான முறைப்பு.

பிள்ளையார் சுழி போட்டவர் ரூஸ்வெல்ட். 1939 செப்டம்பரில் போர் மூண்ட சில நாட்களிலேயே, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலுக்கு எழுதினார். சர்ச்சில் ‘கடற்படை ஆள்’ என்ற பெயரில் பதில் போட்டார். 1940 மே மாதம் பிரதமரானதும் அது ‘முன்னாள் கடற்படை ஆள்’ ஆனது. பதவி உயர்ந்ததும் ‘முன்னாள்’ போட்டுக்கொண்ட அரசியல்வாதியை வேறெங்கே பார்ப்பீர்கள்?

நாற்காலி சூடாவதற்குள், மே 15-ஆம் தேதியே தந்தி: ‘பழைய நாசகாரிக் கப்பல்கள் நாற்பது, ஐம்பது கடனாகக் கிடைக்குமா?’ செப்டம்பரில் 50 கப்பல்கள் தர அமெரிக்கா சம்மதித்தது. பதிலுக்குக் கரீபியனிலும் பிற இடங்களிலும் தளங்கள் அமைக்க, 99 ஆண்டுக் குத்தகைக்கு இடம் எழுதிக் கொடுத்தது பிரிட்டன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே!

ஸ்டாலினுக்கு இந்த நயமெல்லாம் கிடையாது. ‘மேற்கே இன்னொரு போர்முனை திறங்கள்’ என்று 1941 ஜூலையில் கேட்கத் தொடங்கியவர், 1944 ஜூன் 6-இல் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கும்வரை விடவில்லை. கந்துவட்டிக்காரர்கூட நடுவில் ஒருநாள் லீவு விடுவார்!